ஆபத்து யாருக்கு?

"அந்தப் பையனா? வேண்டாம் தம்பி, வேண்டாம்! முழங்காலிலே ஒரு தடவை கத்தி பட்டுவிட்டது. எட்டு ஆண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்றாம் ஆண்டிலே அவன் கட்டிலிலே படுத்துக்கொண்டால் பணத்துக்கு என்ன கதி?"

"என்னண்ணே இப்படிச் சொல்கிறீர்கள்! வயது இருபத்து நாலுதான். கோல் மேல் கோலாகப் போடுகிறான். விட்டுவிட்டால் பக்கத்து ஊர்க்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவானே!"

"போனால் போகட்டும். அந்தப் பணத்திலே இரண்டு பேரை வாங்கலாம். கணக்குப் பார்க்க வேண்டாமா? ஆபத்தான ஒப்பந்தம் தம்பி, ஆபத்தான ஒப்பந்தம்!"

இப்படிக் கணக்குப் பார்ப்பவர் யார் என்று எண்ணுகிறீர்கள், தோழர்களே? அணியின் முதலாளியா? அல்ல. முதலாளியின் கணக்கப்பிள்ளையா? அவரும் அல்ல. ஒருவர் பேருந்து ஓட்டுபவர். மற்றவர் கிடங்கிலே மூட்டை அடுக்குபவர். கனடா நாட்டின் டொராண்டோவிலோ, மான்ட்ரியலிலோ, எட்மன்டனிலோ, வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, வேலை முடிந்து களைத்து வந்த இருவர், கோப்பையைக் கையிலே வைத்துக்கொண்டு பேசிடும் பேச்சைத்தான் நம் வழக்கிலே எழுதிக் காட்டினேன். தம் சம்பளம் போதவில்லை என்று பகலெல்லாம் முணுமுணுத்தவர்கள், மாலையிலே இன்னொருவன் சம்பளம் அதிகம் என்று முழங்குகிறார்கள்! தம் பையிலே பத்து டாலர் மிச்சமில்லை. முதலாளியின் பையிலே பத்துக் கோடி மிச்சமாக வழி சொல்லுகிறார்கள்!

வேடிக்கை என்று ஒதுக்கிவிடாதீர்கள். விளையாட்டைப் பற்றிய பேச்சுத்தான். ஆனால் விளையாட்டான பேச்சல்ல. 'ஆபத்தான ஒப்பந்தம்' என்கிறாரே அந்த அண்ணன், அந்த ஆபத்து யாருக்கு? அந்த ஒரு கேள்வியைக் கேட்டிடவே இந்தக் கட்டுரை.

ஹாக்கி என்றதும் கோவில்பட்டித் தோழர்கள் தம் ஊர் மைதானத்தை நினைத்திடுவர். இது வேறு. உறைந்த பனிக்கட்டித் தரையிலே, கத்தி பொருத்திய காலணியோடு வழுக்கிப் பாய்ந்து, ரப்பர் வட்டு ஒன்றைக் கோலால் அடித்திடும் ஆட்டம். அதற்கென்று 1917இல் மான்ட்ரியல் நகரிலே தோன்றியது தேசிய ஹாக்கி லீக். இன்று அதிலே 32 அணிகள். 25 அமெரிக்காவிலே, 7 கனடாவிலே. அணி ஒவ்வொன்றுக்கும் முதலாளி உண்டு. ஆட்டக்காரன் ஓடுகிறான், மோதுகிறான், பல்லை உடைத்துக்கொள்கிறான். முதலாளி மேலே கண்ணாடி அறையிலே அமர்ந்து பார்க்கிறார். அங்கேயும் பனியிலே ஓடுபவன் பாட்டாளி. பணத்தை எண்ணுபவர் முதலாளி!

சந்தையும் ஜோசியமும்

ஆண்டுதோறும் கோடையிலே ஒரு சந்தை கூடும். டிராப்ட் என்று அதற்குப் பெயர். பதினெட்டு வயது நிரம்பும் இளைஞர்களின் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, அணிகள் வரிசையாக ஒவ்வொருவராகப் பொறுக்கி எடுத்திடும். ஏழு சுற்று, சுற்றுக்கு 32 பேர், ஆக 224 பேர். எந்த அணி ஒருவன் பெயரைச் சொல்லுகிறதோ, அந்த அணிக்கே அவன்மீது உரிமை. எந்த ஊரில் வாழ்வது, எந்த முதலாளியிடம் வேலை பார்ப்பது என்று முடிவு செய்திடும் உரிமை பையனுக்கு இல்லை. முதல் ஒப்பந்தத்திலே இவ்வளவுக்கு மேல் கேட்கக்கூடாது என்று எல்லை வேறு. இருபத்தேழு வயதாக வேண்டும், அல்லது ஏழு ஆண்டு ஆடியிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான், இருக்கும் ஒப்பந்தம் முடிந்ததும், 'என் உழைப்பை யாருக்கு வேண்டுமானாலும் விற்பேன்' என்று அவன் சொல்லிட முடியும்.

இதற்கு முன்னால் நிலைமை இதைவிட மோசம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்போது டிராப்ட் இல்லை. சிறுவர் அணிகளை முதலாளிகள் வளைத்துப் போட்டிருந்தனர். 'சி படிவம்' என்று ஒரு தாள். அதிலே சிறுவனின் பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டால், பையன் அந்த அணிக்கே சொந்தம். ஒன்டாரியோ மாநிலத்துப் பாரி சவுண்ட் என்ற சிற்றூர். வெடிமருந்துத் தொழிற்சாலையிலே வேலை பார்த்த ஒரு தொழிலாளியின் வீடு. அந்த வீட்டுப் பையன் பாபி ஓர். 1962இல் பாஸ்டன் அணி அவனை வளைத்தபோது அவனுக்கு வயது பதினான்கு! கிடைத்தது என்ன? கொஞ்சம் பணம், அப்பாவுக்கு ஒரு கார், வீட்டுச் சுவருக்குப் புதிய பூச்சு! சுவருக்குப் பூச்சுப் பூசிவிட்டு, அந்தச் சுவருக்குள்ளே வளர்ந்த பிள்ளையை எழுதி வாங்கிக்கொண்டனர். அவன் பின்னாளிலே உலகம் கண்ட தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவனானான். அவன் கதைக்கு மீண்டும் வருவேன்.

1963 ஜூனிலே மான்ட்ரியல் ஓட்டல் ஒன்றிலே முதல் டிராப்ட் நடந்தது. ஆறே அணிகள், பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் 21 பேர். அன்று ஓசையில்லாமல் நடந்த காரியம், இன்று தொலைக்காட்சி விளக்கொளியிலே நடக்கிறது. அதற்கு முன்னே ஆண்டு முழுதும் பேச்சு. உயரம் என்ன, எடை என்ன, மூச்சு எவ்வளவு பிடிக்கிறான், கால் எவ்வளவு எட்டிப் பாய்கிறது என்று அளக்கின்றனர். மாட்டுச் சந்தையிலே பல்லைப் பிடித்துப் பார்ப்பது நமக்குத் தெரியும். அங்கே பையனின் மூச்சைப் பிடித்துப் பார்க்கிறார்கள்!

அளந்து முடித்ததும் ஜோசியம் தொடங்குகிறது. இவன் முதல் இடத்துக்குரியவன், இவன் ஐம்பதாவது, இவன் ஒன்றுக்கும் உதவான் என்று எண் போட்டு வைக்கின்றனர். பதினெட்டு வயதிலே போட்ட எண், தலையெழுத்து மாதிரி! தலையெழுத்தை நம்பாதே என்று ஊர் ஊராகச் சென்று பேசியவர்கள் நாம். அந்த நாட்டுத் தலையெழுத்து பலித்த அழகைப் பாரீர்!

1993. ஆட்டாவா அணி, முதல் ஆண்டு ஆட்டத்திலே தோல்விமேல் தோல்வி கண்ட அணி. மிக அதிகம் தோற்றவனுக்கே முதலில் பொறுக்கி எடுக்கும் உரிமை என்பது அன்றைய விதி. தோற்றால் பரிசு என்றால் தோற்பதற்கு என்ன தயக்கம்? வேண்டுமென்றே தோற்றார்களா என்று விசாரணை நடக்கும் அளவுக்குப் பேச்சு முற்றியது. 1995 முதல் குலுக்கல் முறை வந்தது. அந்த ஆண்டு முதல் எண் பெற்றவன் அலெக்சாந்தர் டெய்ல் என்னும் இளைஞன். ஒரு ஆட்டம்கூட ஆடாதவனுக்கு ஐந்து ஆண்டுக்கு 1 கோடியே 22½ இலட்சம் டாலர்! அவன் ஆடினான், ஆனால் எண் சொன்ன உயரத்தை எட்டவில்லை. இரண்டாம் எண் பெற்ற கிரிஸ் பிராங்கரோ, 2000இலே லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்று, புகழ்மண்டபத்திலும் இடம் பெற்றான். ஜோசியம் பொய்த்தது. யாரை ஏசினர்? ஜோசியரையா? இல்லை, டெய்லை! அது மட்டுமா? அந்த ஒப்பந்தத்தைக் காட்டித்தான், புதிதாக வரும் இளைஞர் எல்லோருக்கும் 1995இலே சம்பள எல்லை கட்டினர். எழுதிக் கொடுத்தவர் முதலாளி. எல்லை மட்டும் ஆட்டக்காரனுக்கு!

இந்தச் சந்தையைக் கேலி செய்தவர் ஒருவரும் உண்டு. 1974. போட்டி லீகுக்குத் தெரியாதிருக்க வேண்டும் என்று தொலைபேசி மூலமே டிராப்ட் நடத்தினர். ஒவ்வொரு பெயராக, மெல்ல மெல்ல, மணிக்கணக்கிலே இழுத்தது. சலித்துப் போன பஃபலோ அணியின் மேலாளர் பஞ்ச் இம்லாக், 183ஆவது இடத்திலே, 'தாரோ சுஜிமோட்டோ, ஜப்பானிய ஆட்டக்காரர்' என்று ஒரு பெயரைச் சொல்லி வைத்தார். லீகும் எழுதிக்கொண்டது. தேடினால் அப்படி ஒரு ஆளே இல்லை! பிறக்காத பிள்ளைக்கும் எண் போட்டுக் கொடுத்த பெருமை அந்த ஜோசியத்துக்கு உண்டு.

எழுதியவர் ஒருவர், ஏச்சு வாங்கியவர் ஒருவர்

இனி 2000ஆம் ஆண்டுக்கு வருவோம். நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி முதல் எண்ணிலே ஒரு கோல்கீப்பரைப் பொறுக்கியது. பெயர் ரிக் டிபியட்ரோ. அவனுக்கு இடம் வேண்டும் என்று, கையிலே இருந்த ராபர்ட்டோ லுவாங்கோ என்ற இளம் கோல்கீப்பரை வேறு அணிக்குத் தள்ளியது. அதே டிராப்டிலே, அதே நகரத்து இன்னொரு அணியான ரேஞ்சர்ஸ், 205ஆவது இடத்திலே, ஏறத்தாழக் கடைசிப் பந்தியிலே, ஸ்வீடன் நாட்டு கோல்கீப்பர் ஒருவனை எடுத்தது. பெயர் ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட்.

2006இலே ஐலண்டர்ஸ் முதலாளி, டிபியட்ரோவுக்கு 15 ஆண்டு ஒப்பந்தம் எழுதினார். தொகை 6 கோடியே 75 இலட்சம் டாலர். பதினைந்து ஆண்டு! நாளை மறுநாள் எப்படி இருக்குமென்று தெரியாத ஆட்டத்திலே, பதினைந்து ஆண்டு! நடந்தது என்ன? இடுப்பிலே காயம், முழங்காலிலே காயம், அறுவை மேல் அறுவை. 2008 முதல் 2013 வரை, ஐந்து பருவத்திலே அவன் ஆடியது ஐம்பதே ஆட்டம். 2013இலே அணி கணக்குத் தீர்த்துக்கொண்டது. 2 கோடியே 40 இலட்சம் டாலரை, ஆண்டுக்கு 15 இலட்சமாக, 2029 வரை கொடுத்து வருவது என்று ஏற்பாடு. 205ஆம் எண்ணுக்காரன் லுண்ட்க்விஸ்டோ 459 ஆட்டங்களில் வெற்றி கண்டு, 2023இலே புகழ்மண்டபம் ஏறினான்.

ஆபத்தான ஒப்பந்தம் என்றால் இதைத்தான் முதலில் சொல்லுவார்கள் அந்த நாட்டு ரசிகர்கள். ஆண்டுதோறும் ஜூலை வந்தால், 'டிபியட்ரோவுக்கு இந்த ஆண்டுக் கூலி போய்விட்டது' என்று கைகொட்டிச் சிரிப்பு. சிரிக்கட்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த ஒப்பந்தத்தை எழுதியது யார்? அந்த இளைஞன் முதலாளியின் கழுத்திலே கத்தி வைத்தா கையெழுத்து வாங்கினான்? ஆண்டுச் சம்பளம் குறைவாகத் தெரியட்டும், நல்ல ஆட்டக்காரன் நீண்ட காலம் கட்டுண்டு கிடக்கட்டும் என்று கணக்குப் போட்டது முதலாளி. கணக்குத் தவறியது முதலாளிக்கு. காயம் பட்டது ஆட்டக்காரனுக்கு. ஏச்சும் ஆட்டக்காரனுக்கே! முதலாளியின் முட்டாள்தனத்துக்குக்கூடத் தொழிலாளியின் பெயரை வைத்துவிடும் வித்தையைக் கண்டீர்களா?

கூலிக்கு உச்சவரம்பு

ரசிகனுக்கு இந்தக் கணக்குப் பழக்கம் எப்படி வந்தது? தானாக வரவில்லை தோழர்களே, பழக்கி வைத்தார்கள்.

2004இலே முதலாளிகள் அரங்கத்தின் கதவை அடைத்தனர். ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. முதலாளிகளே கதவடைப்புச் செய்தனர். ஒரு பருவம் முழுதும், 1,230 ஆட்டமும் நடக்கவில்லை. எதற்காக? சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்பதற்காக! நிலத்துக்கு உச்சவரம்பு என்று நாம் கேட்டதுண்டு. பண்ணையாரின் கையிலே குவிந்ததைப் பகிர்ந்திட அந்த வரம்பு. இங்கோ கூலிக்கு உச்சவரம்பு! ஓராண்டுப் பட்டினிக்குப் பிறகு ஆட்டக்காரர் பணிந்தனர். இருந்த ஒப்பந்தங்களிலேயே நூற்றுக்கு 24 வெட்டு. 2005-06இலே அணி ஒன்று எல்லா ஆட்டக்காரருக்கும் சேர்த்துக் கொடுக்கத்தக்க சம்பளம் 3 கோடியே 90 இலட்சம் டாலர் என்று கோடு கிழித்தனர். அந்தக் கோடு வருமானத்தோடு ஏறி, 2025-26இலே 9 கோடியே 55 இலட்சத்தில் நின்றது.

முதலாளியின் இருக்கைக்கு வரம்பு உண்டா? 1992இலே ஆட்டாவா, டாம்பா அணிகள் லீகிலே சேர்ந்திடக் கொடுத்த கட்டணம் 5 கோடி டாலர். 2018இலே சியாட்டில் அணிக்கு வாங்கிய கட்டணம் 65 கோடி. பதின்மூன்று மடங்கு! அது பழைய முதலாளிகள் பங்கிட்டுக்கொண்ட பணம். அங்கே கோடும் இல்லை, வரம்பும் இல்லை.

எதிர்த்தரப்பு வாதத்தையும் கேட்போம்; மறைத்துப் பேசுவது நமக்கு வழக்கமல்ல. 'வரம்பு இல்லாவிட்டால் பெரிய நகரத்துப் பணக்கார அணி நல்ல ஆட்டக்காரரை எல்லாம் வாரிக்கொள்ளும். சிற்றூர் அணி செத்துப்போகும். 1995இலே கியூபெக் அணி கொலராடோவுக்குப் போயிற்று. 1996இலே வின்னிபெக் அணி அரிசோனாவுக்குப் போயிற்று. ஊர் மக்கள் கண்ணீர் விட்டனர். அந்த நிலை வரக்கூடாது என்றுதான் வரம்பு' என்கின்றனர். அந்தக் கண்ணீர் உண்மை. ஊரின் அணி போவது ஊரின் கொடி இறங்குவது போன்றதுதான். ஆனால் வரம்பு வந்த பிறகு அணிகள் ஊர் மாறுவது நின்றதா? 2011இலே அட்லாண்டா அணி வின்னிபெக்குக்குப் போயிற்று. 2024இலே அரிசோனா ஆட்டக்காரரைக் கூட்டத்தோடு யூட்டாவுக்கு அனுப்பினர். கூலிக்கு வரம்பு கட்டினால் ஊருக்குக் காவல் என்ற பேச்சு இங்கேயே உதிர்ந்துவிடுகிறது.

வரம்பு செய்த பெரிய வேலை வேறு. ஒரே தட்டிலே அளந்த சோறு. அதிலே இருபதுக்கு மேற்பட்டோர் கை நீட்ட வேண்டும். ஒருவன் ஒரு கவளம் கூட எடுத்தால் அது முதலாளியின் பானையிலிருந்து வருவதில்லை. பக்கத்திலே அமர்ந்திருக்கும் தோழனின் பங்கிலிருந்து வருகிறது. 2025 செப்டம்பரிலே மின்னசோட்டா அணி கிரில் கப்ரிசோவ் என்ற ருஷ்ய ஆட்டக்காரருடன் 8 ஆண்டுக்கு 13 கோடியே 60 இலட்சம் டாலர் ஒப்பந்தம் செய்தது. அதுவரை லீக் கண்டிராத தொகை. அவர் 2015 டிராப்டிலே பெற்ற எண் என்ன தெரியுமா? 135! ஜோசியம் சொன்னவர்கள் தலை குனிய வேண்டிய இடம். அடுத்த மாதமே, அதே 2015இலே முதல் எண் பெற்ற கானர் மெக்டேவிட், எட்மன்டன் அணியிலே ஆண்டுக்கு 1 கோடியே 25 இலட்சம் என்ற தம் பழைய சம்பளத்துக்கே மேலும் இரண்டு ஆண்டு ஒப்புக்கொண்டார். பேச்சு எப்படிக் கிளம்பியது? நிறையக் கேட்டவரைப் பார்த்து, 'இவ்வளவா? ஆபத்து!' குறைத்துக் கேட்டவரைப் பார்த்து, 'ஆகா, என்ன தியாகம்!' இரண்டு பேரும் அவரவர் உழைப்புக்கு விலை சொன்னார்கள், அவ்வளவுதான். ஆனால் தட்டை அளந்து வைத்தவனைப் பற்றிப் பேச்சே இல்லை!

உடம்பை வைத்து எழுதிய ஒப்பந்தம்

ஆபத்து யாருக்கு என்று கேட்டேன். பதிலுக்கு இரண்டு மனிதரைக் காட்டுகிறேன்.

ஒருவர், முன்னே சொன்ன பாபி ஓர். பதினான்கு வயதிலே எழுதி வாங்கப்பட்டவர், பாஸ்டனுக்கு 1970இலும் 1972இலும் ஸ்டான்லி கோப்பையை வாங்கித் தந்தார். எட்டு ஆண்டு தொடர்ந்து சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது. ஆனால் முழங்கால் ஒவ்வோர் ஆண்டாகத் தேய்ந்தது. கத்தி மேல் கத்தி பட்டது. 1976இலே சிகாகோ அணிக்குப் போனார். அங்கே மூன்று பருவத்திலே அவரால் ஆட முடிந்தது 26 ஆட்டம். 'ஆடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆடாத நாளுக்கு வேண்டாம்' என்பது அவர் எடுத்த முடிவு. 1978இலே, முப்பது வயதிலே, ஆட்டத்தை விட்டார். பணம் இருக்குமென்று நம்பியிருந்தார், பார்த்தால் கடன்! முழங்கால் போயிற்று, ஆட்டம் போயிற்று, சேமிப்பும் போயிற்று. முதலாளி ஒப்பந்தத்திலே இழப்பது பணம். அவர் இழந்தது கால்!

மற்றவர் டெரிக் போகார்ட். 2001 டிராப்டிலே 202ஆவது. கோல் போடுவது அவர் வேலையல்ல. 277 ஆட்டத்திலே மூன்றே கோல். அவர் வேலை, கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு எதிரணியின் முரடனோடு குத்துச்சண்டை போடுவது. அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரிக்கும். 2010இலே நியூயார்க் ரேஞ்சர்ஸ் நாலு ஆண்டு ஒப்பந்தம் தந்தது. 'சண்டைக்காரனுக்கு இவ்வளவா?' என்ற கேள்வி எழாமலில்லை. ஓராண்டு முடியவில்லை, 2011 மே மாதத்திலே, மதுவும் வலிதீர்க்கும் மருந்தும் சேர்ந்து அவர் உயிரைக் குடித்தன. வயது 28. மூளையை ஆராய்ந்த மருத்துவர்கள், அடி மேல் அடி பட்டதால் வரும் நோய் அங்கே இருந்ததென்று கண்டனர். ஒப்பந்தத்திலே எத்தனை ஆண்டு, எத்தனை டாலர் என்று எழுதியிருந்தது. எத்தனை அடி என்று எழுதவில்லை. அந்தக் கணக்கை அவர் மூளை எழுதி வைத்திருந்தது!

இப்போது அந்தப் பேருந்து ஓட்டும் அண்ணனைக் கேளுங்கள்: ஆபத்தான ஒப்பந்தம் என்றீரே, ஆபத்து யாருக்கு?

சங்கம் கேட்டவரும் சங்கத்தை விற்றவரும்

இந்த ஆபத்தை உணர்ந்து முதலில் எழுந்தவர் டெட் லிண்ட்சே. டிட்ராய்ட் அணியின் முன்னணி ஆட்டக்காரர். அந்த அணியிலே அவரோடு ஆடிய கார்டி ஹோ என்ற மாபெரும் வீரருக்கு, முதல் ஒப்பந்தத்திலே கையெழுத்திட்டதற்குப் பேசிய பரிசு என்ன தெரியுமா? அணியின் பெயர் பொறித்த ஒரு மேல்சட்டை! அவ்வளவு மலிவு அன்றைய உழைப்பு. ஒருவர் சம்பளம் ஒருவருக்குத் தெரியாது. ஓய்வூதியக் கணக்கைக் காட்டச் சொன்னால் காட்டமாட்டார்கள். 1957 பிப்ரவரியிலே லிண்ட்சே ஆட்டக்காரர் சங்கம் கண்டார். மான்ட்ரியலின் டக் ஹார்வி துணை நின்றார்.

முதலாளி சும்மா இருப்பாரா? அந்தப் பருவம்தான் லிண்ட்சேவின் ஆட்ட வாழ்விலேயே மிகச் சிறந்த பருவம். ஆனாலும் சில மாதத்துக்குள் அவரைச் சிகாகோவுக்கு மாற்றிவிட்டனர். அன்றைக்கு லீகிலே அதுவே சைபீரியா! சங்கம் வைத்தவனை வேறு ஆலைக்கு மாற்றும் வித்தை நம்மூர் ஆலைத் தோழர்களுக்குப் புதிதல்லவே! 1958இலே சங்கம் கலைந்தது. குறைந்தபட்சச் சம்பளம் 7,000 டாலர் என்பது போன்ற சில சலுகைகள் மட்டும் மிஞ்சின.

1967இலே மீண்டும் சங்கம் எழுந்தது. ஆலன் ஈகிள்சன் என்ற வழக்கறிஞர் அதை நடத்தினார். அவரேதான் பாபி ஓரின் ஒப்பந்தத் தரகரும்! தொழிலாளியின் தலைவரும் அவரே, தரகரும் அவரே, முதலாளிகளோடு விருந்துண்ணும் நண்பரும் அவரே. 1976இலே பாஸ்டன் அணி, ஓருக்கு அணியிலேயே 18 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பங்கு தருவதாகச் சொல்லியிருந்தது. அது தம்மிடம் சொல்லப்படவே இல்லை என்று ஓர் பின்னாளிலே கூறினார். 1998இலே ஈகிள்சன் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்கள் தம் ஓய்வூதியப் பணத்துக்காக லீகின்மீதே வழக்குத் தொடுத்துத்தான் வெல்ல வேண்டியிருந்தது.

இதிலே நமக்கும் பாடம் உண்டு. சங்கம் வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைக்கும் சங்கம் வேண்டாம். தலைவன் கணக்குக் காட்ட வேண்டும். உறுப்பினன் கணக்குக் கேட்க வேண்டும். இன்று அந்த நாட்டிலே ஆட்டக்காரர்கள் தாமே வாக்களித்துத் தேர்ந்திடும் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு, 2010 முதல் டெட் லிண்ட்சேவின் பெயர். அவரைச் சிகாகோவுக்குத் துரத்திய மேலாளரின் பெயரை ஆட்டக்காரர்கள் எந்த விருதுக்கும் வைக்கவில்லை!

நமக்கென்ன என்பவர்க்கு

'கோடி கோடியாக வாங்குகிறான். அவனுக்காகக் கண்ணீர் விட நாம் யார்? மாதக் கடைசியிலே அரிசிக்கு அல்லாடுபவன், பனியிலே ஆடும் பணக்காரனுக்குப் பரிந்து பேசுவதா?' என்று கேட்கும் தோழர் உண்டு. நியாயமான கேள்வி. கண்ணீர் விடச் சொல்லவில்லை நான். கப்ரிசோவின் 13 கோடி நம் வீட்டு அடுப்பை எரியவைக்காது.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. முதலாளியின் நாற்காலியிலே மனத்தால் ஏறி அமர்ந்து, அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 'இவனுக்கு இவ்வளவு அதிகம், அவன் உடம்பு தேறாது, இவனைத் தள்ளிவிட்டு மலிவாக ஒருவனைப் பிடி' என்று மாலைதோறும் பேசிப் பழகிய நாக்கு, மறுநாள் காலையிலே எப்படிப் பேசும்? பக்கத்துப் பணிமனையிலே வேலைநிறுத்தம் என்றால், 'கேட்பது கொஞ்சம் அதிகம்தான்' என்னும். கை நசுங்கியவனைப் பார்த்து, 'நிர்வாகம்தான் என்ன செய்யும்?' என்னும். முப்பது ஆண்டு உழைத்து மூச்சு வாங்குபவனை, 'இவனாலே இனி இலாபமில்லை' என்னும். விளையாட்டிலே ஏறிய நாற்காலியிலிருந்து வாழ்க்கையிலே இறங்குவது எளிதல்ல தோழர்களே! கிரிக்கெட் ஏலம் நடக்கும் நாளிலே நம் தேநீர்க் கடைகளிலே காதைத் தீட்டிக் கேளுங்கள். அந்த டொராண்டோ அண்ணனின் குரல் இங்கேயும் கேட்கும்.

வாதாடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? எவன் நன்றாக ஆடுகிறான், எவனை எந்த இடத்திலே நிறுத்தலாம், எவனுக்கு எதிர்காலம் உண்டு என்று விடிய விடியப் பேசுங்கள். அது ரசிகனின் உரிமை, உழைத்தவன் மாலையிலே பெறும் இன்பம். ஆனால் 'ஆபத்தான ஒப்பந்தம்' என்ற சொல் நாக்கிலே வரும்போது மட்டும் ஒரு கணம் நின்று, அந்த ஒப்பந்தத்திலே பணத்தை வைத்தவர் யார், முழங்காலை வைத்தவன் யார் என்று பாருங்கள்.

பணம் போனால் முதலாளி அடுத்த பருவத்திலே நுழைவுச்சீட்டு விலையை ஏற்றி எடுத்துக்கொள்வார். அதையும் அந்த அண்ணன்தான் கொடுப்பார். முழங்கால் போனால், அடுத்த பருவம் அவனுக்கு இல்லை!